முதல் கத்தி அம்மனுக்கு, இரண்டாம் கத்தி டாக்டருக்கு

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த செல்வி என்ற நர்ஸ் பெண் என்னைப் பார்க்க வந்திருந்தாள். நான் வேலையிலிருந்து ஓய்ந்து உட்கார்ந்த பிறகும் இந்தப் பிள்ளைகள் என்னை விடுவதில்லை. ஊசி போடும்போது குழந்தை உதைத்தால் என்ன செய்ய, டாக்டர் கத்தினால் என்ன செய்ய என்று ஏதாவது கேட்டுக்கொண்டு வருவார்கள். முதல் கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றான். முறுக்கு மீசை, சலவை வேட்டி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"மாமா! இருக்கீயளா மாமா?" என்று குரல் கொடுத்தான்.

செல்வி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. ஆண்பிள்ளை என்று சொல்ல இந்த வீட்டில் ஒரு சேவல்கூட இல்லை. நான்தான் எழுந்து, "வாலே சங்கரா" என்றேன். அவளுக்குத் தலை சுற்றிவிட்டது. இவ்வளவு பெரிய மீசைக்காரன் ஒரு பொம்பளையை மாமா என்று கூப்பிட என்ன காரணம் என்று அவள் கேட்டதற்குத்தான் இதை எழுதுகிறேன். சங்கரன் அன்றைக்கு எதற்கு வந்தான் என்பதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் நர்ஸ் படிப்பு படித்தவள். படுக்கை விரிப்பில் சுருக்கம் விழுந்தால் சாப்பாடு கிடையாது என்பது அங்கே நான் கற்ற முதல் பாடம். கடைசிப் பாடமும் ஏறக்குறைய அதுதான். சின்னப் பையன்களின் முன்தோலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தால் வகுப்பு முழுக்கச் சிரித்தே செத்திருப்போம். அப்படியே படிப்பை முடித்து, வெள்ளைக்காரன் கிளம்புகிற சமயத்தில் சங்கரன்கோவிலுக்கு வேலைக்கு வந்து சேர்ந்தேன்.

வந்த பிறகு பார்த்தால், வாரம் தவறாமல் அந்தத் தொந்தரவோடு ஒரு பையன் வந்து நிற்கிறான். ஆனால் ஒருவர் வாயிலிருந்தும் அது வெளியே வராது. அப்பன் டாக்டர் முன்னால் நின்று, "பயலுக்கு வயித்து வலிங்கய்யா" என்பான். ஆத்தா என் முந்தானையைப் பிடித்து ஓரமாக இழுத்து, "நர்சம்மா, அது வந்து... அங்கன..." என்று கண்ணால் தரையைக் காட்டுவாள். அங்கன என்றால் எங்கன என்று நான் வேண்டுமென்றே கேட்பேன். அப்போது எனக்கும் சின்ன வயசு, அவர்கள் முகம் சிவப்பதைப் பார்க்க ஓர் ஆசை. கடைசியில் அந்தப் பையனே, "எனக்கு குஞ்சு வலிக்கி" என்று ஆஸ்பத்திரி அதிரச் சொல்லிவிடுவான். பெரியவர்கள் அத்தனை பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

அப்போது எங்களுக்கு இருந்த டாக்டர் கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். ஒல்லியான மனிதர், குரல் உயர்த்திப் பேசத் தெரியாது. குழந்தை ஏதாவது வந்தால் அவர் முதலில் கேட்பது காபி. ஊரில் அவரைக் காபிப் பைத்தியம் என்றே பேசிக்கொண்டார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். காபியை வாங்கி மேஜை மேல் வைத்து, சூடான டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொண்டு, பையனோடு மாடு கன்று பற்றிப் பேசுவார். கை சூடான பிறகுதான் குழந்தையைத் தொடுவார். குளிர்ந்த கை பட்டால் பிள்ளை உடம்பை இறுக்கிக்கொள்ளும், அப்புறம் ஒன்றும் பார்க்க முடியாது. காபி ஆறிப்போய் ஏடு படிந்து கிடக்கும். அதை யார் குடித்தது என்று இப்போது கேட்காதீர்கள்.

அவருடைய பரீட்சையே தனி. தோலை இழுத்துப் பார்க்க மாட்டார். பையனுக்கு நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நின்ற வேப்பமரத்தடிக்கு அப்பனோடு அனுப்புவார். தான் ஜன்னல் பக்கம் பேப்பர் படிக்கிற மாதிரி நின்றுகொள்வார். நீர் கம்பி மாதிரி நேராக மரத்தில் போய் அடித்தால், "ஒண்ணுமில்லை, கூட்டிட்டுப் போ" என்று அனுப்பிவிடுவார். தோல் பலூன் மாதிரி உப்பி, நீர் சொட்டுச் சொட்டாக வந்தால்தான் அவர் நெற்றி சுருங்கும். சிவந்து எரிகிறது என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைக்கச் சொல்லி, களிம்பு கொடுப்பார். தோலுக்கு அடியில் வெள்ளையாகத் திரண்டிருப்பதைச் சீழ் என்று பயந்து வருவார்கள். அது சீழில்லை, தோல் தானாகப் பிரிகிறபோது சேர்கிற அழுக்கு, தானே வெளியே வந்துவிடும் என்பார். ராயகிரியிலிருந்து ஒரு பையன் வந்தான். முன்தோல் நுனி தழும்பேறி வெள்ளையாக இறுகிப்போய், நீர் போகும்போதெல்லாம் அலறினான். அவனுக்குக் கத்தி வேண்டும் என்று அவரே சொல்லி, திருநெல்வேலிக்கு அனுப்பிச் செய்ய வைத்தார். கத்தி அவருக்கு எதிரியில்லை. வேலையில்லாத இடத்தில் கத்திக்கு வேலை கொடுக்க மாட்டார், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து வழக்கம் செல்விக்குத் தெரியாதது இல்லை. ஆண்பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது மூக்கை நீவுவார்கள், மண்டையை உருட்டுவார்கள், கை காலை மடக்கி நீட்டுவார்கள். கடைசியில் முன்தோலையும் பின்னால் தள்ளிவிடுவார்கள். தள்ளாவிட்டால் மூடிக்கொண்டு, பின்னால் கல்யாணத்துக்கு ஆகாமல் போய்விடும் என்று பயம். டாக்டர் இதை மாற்றப் பார்த்தார். பாவம், எடுத்த எடுப்பில் ரோஜா மொட்டைக் காட்டி விளக்கினார். மொட்டைக் கையால் பிரித்தால் இதழ் கிழியும், தானாக மலரவிடு என்று நீளமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த கரிசல்காட்டு மனுஷர் ஒருவர் தலையைச் சொறிந்தார்.

"ரோசாப்பூவ நான் எங்கய்யா கண்டேன்? புளியங்கா மாதிரிங்கியளா? காயில ஓடும் சதையும் ஒட்டிக்கிட்டு இருக்கும், உரிச்சா சதையும் சேந்து வரும். பழுத்தா ஓடு தானா விட்டுரும். அதானய்யா சங்கதி?"

"அதேதான்!" என்று டாக்டர் குதிக்காத குறை. "சில பேருக்கு மூணு வயசுல பழுக்கும், சில பேருக்குப் பத்து வயசு தாண்டும். அவசரப்படக் கூடாது." அன்றையிலிருந்து அவருக்கு ரோஜாப்பூ மறந்துபோனது. வருகிறவர்கள் எல்லாரிடமும் புளியங்காய்தான்.

இந்தப் புளியங்காய்ப் பாடம் போய்ச் சேராத வீடு ஒன்று குருவிகுளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைதான் சங்கரன்.

ஆடி மாதம் பிறக்கப்போகிற சமயம். காலையில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. சுப்பையா என்று ஒரு பருத்தி விவசாயி, அவன் பெண்டாட்டி வேலம்மாள், அவள் இடுப்பில் நாலு வயசுப் பையன். இடுப்பு வரை தலைமுடி, அதைப் பின்னிப் பூ வைத்திருந்தார்கள். நான் பெண்பிள்ளை என்றே நினைத்துவிட்டேன். சுப்பையாவின் அக்கா பேச்சி வண்டியிலிருந்து இறங்கியும் உள்ளே வரவில்லை. வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"பயலுக்கு வயித்து வலி" என்று ஆரம்பித்தான் சுப்பையா.

வேலம்மாள் அவனைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். அன்றைக்கு அவளுக்கு வெட்கப்பட நேரமில்லை. "பொய் சொல்லுதாக நர்சம்மா. நேத்து மதினி குளிப்பாட்டும்போது தோலப் பின்னால தள்ளிட்டாக. தெறந்தே இருக்கட்டும்னு அப்படியே விட்டுட்டாக. ராத்திரி வீங்கிப்போச்சு. வீட்டுல இருந்த கோயில் புத்துமண்ண கொழச்சுப் பூசினோம். அது காஞ்சு கல்லாயிட்டு."

எங்கள் ஊரில் கட்டியோ தேமலோ எதுவானாலும் முதல் மருந்து கோயில் புற்றுமண்தான். நானே நெற்றியில் பூசியிருக்கிறேன். ஆனால் வீங்குகிற இடத்தைச் சுற்றி வளையம் மாதிரி பூசிக் காயவிட்டால் அது என்ன பாவம் செய்யும்? காய்ந்து இறுகிவிட்டது.

டாக்டர் காபி கேட்கவில்லை. நேரமில்லை என்று அதிலேயே தெரிந்துகொண்டேன். வெந்நீரில் கையை நனைத்துக்கொண்டு பார்த்தார். என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். "சிஸ்டர், பின்னால போன தோல் கழுத்தை இறுக்கிப் பிடிச்சிருக்கு. ரத்தம் போய்வர வழியில்லை. இன்னும் விட்டா நுனி கறுத்துடும். கையால சரிபண்ணிப் பார்க்கிறேன். வரலைன்னா தோலைக் கொஞ்சம் கீறி விட்டாகணும்."

மெதுவாகச் சொன்னது சுப்பையா காதில் விழுந்துவிட்டது.

"கத்தியா? அய்யா, அது மட்டும் ஆகாது! இவன் மொதக் கத்தி கோமதியம்மாளுக்கு நேந்தது. ரெண்டு பிள்ள தங்காமப் போயி மூணாவதா தங்கினவன் இவன். தாய்மாமன் கொழும்புல இருந்து வந்து, ஆடித் தபசுத் திருநா அன்னைக்கு மாமன் மடியில வச்சு முடி எறக்கணும். அதுவரைக்கும் இவன் மேல ஒரு பிளேடு படக்கூடாது. நகத்தக்கூட இவ கடிச்சுத்தான் எடுக்கா!"

அந்தக் கத்தலைக் கேட்டுப் பையன், "கத்தி வேண்டாம், கத்தி வேண்டாம்" என்று இரண்டு காலையும் இறுக்கிக்கொண்டு அலறினான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நானாக இருந்தால் சுப்பையாவை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். டாக்டர் அவன் தோளில் கையைப் போட்டார்.

"முதல் கத்தி அம்மனுக்குன்னா அம்மனுக்கே ஆகட்டும். அதுல நான் குறுக்கே நிக்கலை. கோயில் பக்கத்துலதானே இருக்கு? ஓடிப்போய் முடி இறக்குறவரைக் கூட்டிட்டு வா. அவர் முதல் கத்தி வைக்கட்டும். தேவைப்பட்டா இரண்டாம் கத்தி என்னோடது."

சுப்பையாவுக்கு அதில் ஒரு நியாயம் தெரிந்தது. துண்டை உதறிக்கொண்டு ஓடினான். அவன் தலை மறைந்ததும் டாக்டர் கதவைச் சாத்தச் சொன்னார். "அப்பாடா, போய்ட்டான். அவன் திரும்பி வர்றதுக்குள்ள நாம முடிச்சுடுவோம்" என்றார். மனுஷர் நாவிதரைக் கூப்பிட அனுப்பவில்லை, சுப்பையாவின் வாயை அப்புறப்படுத்த அனுப்பியிருக்கிறார்.

மேஜையின் தலைமாட்டில் நான் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பையன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டு சொட்டாக விட்டு மண்ணை ஊறவைத்தோம். சுரண்டவே கூடாது என்றுவிட்டார். மண் தானாகக் கரைந்து விழுந்த பிறகு, மக்னீசியம் உப்பு கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துச் சுற்றிப்போட்டார். அதன் மேல் கையை மூடிக்கொண்டு அழுத்தினார். பிழிகிற அழுத்தம் இல்லை, கோழிக்குஞ்சு ஓடிவிடாமல் பிடித்துக்கொள்கிற அழுத்தம். வீக்கத்தில் இருக்கிற நீர் மெல்ல மெல்ல மேலே ஏற வேண்டும். எடுத்துவிட்டு எட்டிப் பார்க்கவும் கூடாது.

"உங்க வீட்டு மாட்டுக்கு என்னடா பேரு?"

"செவலை" என்றான் பையன் விம்மலுக்கு நடுவில்.

"இன்னொண்ணு?"

"அதுவும் செவலை."

வீக்கம் கொஞ்சம் வடிந்தது. டாக்டர் எண்ணெய் தடவி, இரண்டு கட்டை விரலால் நுனியை உள்ளே அழுத்தி, மற்ற விரல்களால் தோலை முன்னால் கொண்டுவரப் பார்த்தார். பையன் துள்ளினான். நழுவிவிட்டது. மறுபடியும் துணி, மறுபடியும் அழுத்தம், மறுபடியும் துள்ளல். டாக்டர் நெற்றியில் வியர்வை. சின்னக் கத்தியை வெந்நீரில் போடச் சொல்லிக் கண்ணால் ஜாடை காட்டினார். ஒரு கையால் பையன் தலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதை எடுத்துப் போட்டேன்.

அப்போது கதவு படாரென்று திறந்தது. சுப்பையா யாரிடமோ சைக்கிளைப் பிடுங்கி, நாவிதரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்து வந்திருக்கிறான். இவ்வளவு சீக்கிரம் வருவான் என்று டாக்டர் கனவிலும் நினைக்கவில்லை. நாவிதர் பெட்டியைத் திறந்தார், சுற்றிலும் பார்த்தார், மூடினார்.

"மாமன் எங்க? மாமன் மடி இல்லாம நான் கத்திய எடுக்க மாட்டேன்."

"மாமன் கொழும்புல இருக்கான் வே! இப்ப எங்கன போயி மடிக்கு அலைய?" என்றான் சுப்பையா.

"தல யாரு மடியில இருக்கு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் என் மடியைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அப்ப இவுகதான் மாமன்" என்று நாவிதர் தீர்ப்பு சொன்னார். "மாமா, கெழக்க பாத்து உக்காருங்க."

"அவங்க திரும்பினா என் கை வழுக்கிடும்" என்றார் டாக்டர் நிமிராமலே. "அம்மன் எந்தத் திசையிலிருந்தும் பார்ப்பா. நீ ஆரம்பி."

நாவிதர் ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று தலையில் ஊற்றினார். என் சேலையும் நனைந்தது, கேட்பார் யார்? கத்தியை வைத்து, "ராசா, அசையக்கூடாது. அசைஞ்சா காது போயிரும்" என்றார். எத்தனையோ தலையைப் பார்த்த குரல் அது. அதுவரை துள்ளிக்கொண்டிருந்த பையன் அப்படியே கல்லாகிவிட்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மட்டும் மேலே உருட்டினான். காதுக்கு ஆபத்து என்றதும் மற்ற இடம் அவனுக்கு மறந்துபோனது. நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் கத்தி சரசரவென்று ஓடியது. காலும் தளர்ந்தது. அந்த ஒரு நிதானத்தில் டாக்டரின் விரல்கள் வேலையை முடித்தன. தோல் முன்னால் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.

"சிஸ்டர்," என்றார் டாக்டர், "இரண்டாம் கத்தி வேண்டாம்."

நான் குனிந்து பார்த்தேன், அப்புறம் அழுதுவிட்டேன். வேலம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சுப்பையா சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். நாவிதர் மட்டும், "மீதி?" என்றார். பையன் தலையில் வலது பாதி மொட்டை, இடது பாதியில் சடையும் பூவும்.

மீதியை அம்மன் சன்னதியில்தான் இறக்க வேண்டும் என்றாள் வேலம்மாள். அது வரட்டும், முதலில் நீர் போகட்டும் என்றார் டாக்டர். பானைத் தண்ணீரைக் குடிக்க வைத்துக் காத்திருந்தோம். பிறகு அந்த அரை மொட்டையை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனோம். கொஞ்சம் எரிந்தது, முனகினான். பிறகு நீர் நேராகப் போய் மரத்தில் அடித்தது, மரத்தடியில் உட்கார்ந்திருந்த பேச்சியின் சேலையிலும் அடித்தது. அவள் நகரவில்லை. அப்படியே அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள்.

சுப்பையா அவள் மேல் பாய்ந்தான். "இனிமே இவ கை என் பிள்ள மேல படக்கூடாது. சொல்லிட்டேன்!"

டாக்டர் நடுவில் போய் நின்றார். பேச்சி முன்னால் குந்தி உட்கார்ந்தார். திட்டவில்லை. புளியங்காய்ப் பாடத்தை முதலிலிருந்து சொன்னார். பிறகு சுப்பையாவைப் பார்த்துச் சொன்னார். "இந்தப் பையன் பட்ட பாட்டைப் பார்த்த கை இது. இனிமே இவனைக் குளிப்பாட்ட இதைவிட நம்பிக்கையான கை உங்க ஊர்லயே கிடையாது. இவங்கதான் குளிப்பாட்டணும். அம்மா, அந்த இடத்துல தண்ணி மட்டும் ஊத்துங்க. கை வேண்டாம்."

"தண்ணி மட்டும்" என்றாள் பேச்சி.

சாயங்காலம் கோயிலுக்குப் போய் மீதி மொட்டையையும் போட்டோம். ஆரம்பித்த மடியில்தான் முடிக்க வேண்டும் என்று நாவிதர் பிடிவாதம் பிடித்ததால், நர்ஸ் உடுப்போடு சன்னதித் தெருவில் நான் தாய்மாமனாக உட்கார்ந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. தபசுக்குக் கொழும்புக்காரன் வந்து, என் இடத்தில் ஒரு பொம்பளையா என்று குதித்தானாம். காது குத்துக்கு உன் மடி, முடிக்கு அவுக மடி என்று வேலம்மாள் பங்கு பிரித்து அவனை அடக்கியிருக்கிறாள். அன்றையிலிருந்து அந்த வீட்டுக்கு நான் மாமா. சங்கரன் கல்யாணத்தில் சீர்த்தட்டு தூக்கிக்கொண்டு போன ஒரே சேலை கட்டிய மாமா நான்தான்.

டாக்டர் மாற்றலாகிப் போனார். பிறகு ரொம்ப நாள் கழித்து, இறந்துவிட்டார் என்று தகவல் வந்தது. அந்த வாரம் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலையே ஓடவில்லை.

இனி, போன வாரம் சங்கரன் வந்த கதை. செல்வி எதிரில் இருந்ததால் மீசைக்காரன் நெளிந்தான். என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "மாமா, நம்ம பயலுக்கு... அது வந்து... அங்கன..." என்றான். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது.

"அங்கனன்னா எங்கனலே?" என்றேன். பழைய ஆசை போகுமா?

"தோல் திறக்கல மாமா. ரெண்டு வயசாவுது. ஆளாளுக்குத் தள்ளி விடச் சொல்லுதாங்க."

"நீர் எப்படிப் போகுது?"

"காலையில என் மீசை மேலயே அடிச்சான்."

"அப்ப எதுக்குலே இங்க வந்தே? உங்க அத்த பேச்சிக்குத் தெரியாததா?"

"அத்ததான் கூட்டியாந்துச்சு. வெளிய நிக்கி."

எட்டிப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துப்போன பேச்சி, அன்றைக்கு மாதிரியே உள்ளே வராமல், வாசல் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் பேரன் முறைப் பையன், பளபளவென்று எண்ணெய்க் குளி முடித்த முகத்தோடு. என்னைக் கண்டதும் ஊரார் பேச்சைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நர்சம்மா, டாக்டர் அய்யாகிட்ட சொல்லிருங்க. இவனுக்கும் நான்தான் குளிப்பாட்டுதேன். தண்ணி மட்டுந்தான் ஊத்துதேன்."

டாக்டர் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

"சொல்லுதேன் பேச்சி" என்றேன்.